அந்த ஒரு வரி

2018 செப்டம்பரில் பாதுகாப்புத் துறையின் செலவை ஆராயும் எம்.பி.க்கள் குழுவான நாடாளுமன்ற நிலைக்குழுவின் தலைவர் பதவியில், பா.ஜ.க. எம்.பி. பி.சி. கண்டூரிக்குப் பதிலாக அதே கட்சியின் கல்ராஜ் மிஸ்ரா வந்தார். அந்தச் செய்தியை எங்கள் டெஸ்க்கில் எழுதியவன் நான். நான்கு பத்தி. மூன்றாவது பத்தியில், ராணுவத்துக்குப் பணம் போதவில்லை என்று அந்தக் குழு மார்ச் மாதம் தாக்கல் செய்த அறிக்கைதான் இதற்குக் காரணம் என்று ஒரு வரி வைத்திருந்தேன்.

செய்தி ஆசிரியர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"இதை யார் சொன்னது தம்பி?"

"யாரும் சொல்லலை சார். அறிக்கையைப் பாருங்க, தேதியைப் பாருங்க."

"அப்போ தேதியைப் போடு. காரணத்தை எடுத்துடு."

எடுத்துவிட்டேன்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. நிலைக்குழுக்களை ஆண்டுதோறும் மாற்றி அமைப்பது வழக்கம். கண்டூரிக்கு அப்போது 83 வயது. கட்சி வேறு கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் அந்த அறிக்கையைப் படித்தவனுக்கு மனசு ஆறாது. ராணுவத்தை நவீனப்படுத்த ஒதுக்கியது 21,338 கோடி ரூபாய். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த 125 திட்டங்களுக்குக் கொடுத்தாக வேண்டிய பணம் மட்டுமே 29,033 கோடி. தளவாடங்களில் 68 சதவீதம் பழசு என்று ராணுவத் துணைத் தளபதியே குழுவிடம் சொல்லியிருந்தார். அதை அப்படியே அச்சில் ஏற்றியது ஆளுங்கட்சி எம்.பி. தலைமையிலான குழு.

கண்டூரியிடம் நான் வேறு எதை எதிர்பார்த்திருக்க முடியும்? 1954 முதல் 1990 வரை ராணுவப் பொறியாளர் பிரிவில் இருந்து மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றவர். அடுத்த ஆண்டே கர்வால் தொகுதியில் ஜெயித்து மக்களவைக்கு வந்தார். வாஜ்பாய் காலத்தில் நெடுஞ்சாலைத் துறையைக் கவனித்தார், அப்புறம் உத்தராகண்டில் இரண்டு முறை முதல்வர். பட்டாளத்தில் கையிருப்புக் கணக்குப் பார்த்த மனிதர் குறையைக் குறை என்றுதான் எழுதுவார் என்று நினைத்தேன். இதுவும் என் ஊகம்தான். அறிக்கை என்பது குழுவினுடையது, ஒருவருடையது அல்ல.

2019 மார்ச்சில் கண்டூரியின் மகன் காங்கிரசில் சேர்ந்தார். பாதுகாப்பு குறித்துக் கேள்வி கேட்டதால்தான் கண்டூரியை நீக்கினார்கள் என்று டேராடூன் மேடையில் ராகுல் காந்தி பேசினார். அன்று அந்த வரி தடையில்லாமல் போனது. அதே ஆசிரியர்தான் பார்த்து அனுப்பினார். சொன்னவர் பெயர் இருந்தது, விதிப்படி சரி. ஆனால் அதற்குள் விஷயம் இரண்டு கட்சிகளின் சண்டையாகிவிட்டது. அந்த 29,033 கோடி செய்தியில் எங்குமே இல்லை. முதல் நாளே நான் பிடிவாதம் பிடித்திருந்தால் மட்டும் வேறு மாதிரி ஆகியிருக்குமா?

இன்று அதே செய்தி என் கைக்கு வந்தாலும் காரணத்தை எழுத மாட்டேன் என்றே நினைக்கிறேன். அந்த இரண்டு தொகையையும் முதல் பத்திக்கு ஏற்றுவேன். அதற்கும் அவர் ஒப்புக்கொண்டிருப்பாரா, தெரியவில்லை.