சட்டைக்குள்ளே துப்பாக்கி: உறுத்தாமல், வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளப் பழகியது

டெக்சாசில் 2021 செப்டம்பர் 1-க்குப் பிறகு, 21 வயது நிறைந்து, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை ஏதும் இல்லாத எவரும் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போகலாம். அப்புறம் எதற்கு நீ வகுப்புக்குப் போய், கைரேகை வைத்து, பணம் கட்டி லைசென்ஸ் வாங்கினாய் என்று ஹூஸ்டனில் எனக்குத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம்தான் முதல் காரணம். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று மத்திய அரசின் சட்டம் ஒன்று இருக்கிறது, அந்த மாநிலத்தின் லைசென்ஸ் இருந்தால் விலக்கு. இந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஏதாவது ஒரு பள்ளி வரும். பிள்ளையை இறக்கிவிடப் போகிறவனுக்கு இது பெரிய விஷயம். டெக்சாஸ் லைசென்ஸை வேறு பல மாநிலங்களும் ஏற்றுக்கொள்கின்றன என்பது அடுத்தது. கலிபோர்னியா ஏற்காது, அதனால் அங்கே மைத்துனர் வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடுதான் போவேன்.

துப்பாக்கி எதற்கு என்பதற்கும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு கேஸ் ஸ்டேஷன், அதாவது கடையோடு சேர்ந்த பெட்ரோல் பங்க், நடத்துகிறேன். இரவில் கடையைச் சாத்தி, அன்றைய பணத்தை எடுத்துக்கொண்டு, விளக்குப் பாதி எரியாத பார்க்கிங்கில் நடந்து காருக்குப் போக வேண்டும். தேவையா இல்லையா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. என் வீட்டிலேயே அது இன்னும் முடியவில்லை.

விசா விஷயத்தை நம் ஆட்கள் கவனிக்க வேண்டும். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும்வரை, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகளைத் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. எனக்குப் பச்சை அட்டை வந்த பிறகுதான் கடைக்கே போனேன். அங்கே நிரப்பச் சொல்லும் 4473 படிவத்தில் குடியுரிமை, விசா நிலை எல்லாம் கேட்பார்கள், பச்சை அட்டையில் இருக்கும் ஏ நம்பரையும் எழுத வேண்டும். ஊரில் என் பெரியப்பா ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, தேர்தல் வரும்போதெல்லாம் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்ததைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, சாயங்காலம் போய் வாங்கிக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது கொஞ்சம் பயமாகவே இருந்தது.

லைசென்ஸ் வாங்குவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் விண்ணப்பம், 40 டாலர் கட்டணம், நேரம் குறித்துக்கொண்டு போய்க் கைரேகை, நாலிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு. எப்போது சுடலாம் என்பதை விட, வாக்குவாதத்தை விட்டு எப்படி விலகிப் போவது என்பதையே வகுப்பில் அதிகம் பேசினார்கள், எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் சுடும் தேர்வு: மொத்தம் 50 தோட்டா, 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. 250-க்கு 175 எடுத்தால் போதும். பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. என் பக்கத்தில் நின்ற எழுபது வயதுப் பாட்டி என்னை விட நன்றாகச் சுட்டார்.

கையில் லைசென்ஸ் வந்த பிறகுதான் உண்மையான தலைவலி. இதை உடம்பில் எங்கே வைப்பது?

என் முதல் துப்பாக்கி கிளாக் 19. 15 தோட்டா பிடிக்கும், முழுதாக நிரப்பினால் சுமார் 850 கிராம். கையில் பிடிக்க அருமையான துப்பாக்கி. சாதாரணத் தோல் பெல்ட்டில் மாட்டிப் பார்த்தால் பேன்ட் ஒரு பக்கமாக இறங்குகிறது. பேன்டை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டே நடப்பவனை ஊரே பார்க்கும், மறைத்து வைப்பதன் நோக்கமே போச்சு. எல்லோரும் துப்பாக்கிக்கு 500, 600 டாலர் கொடுக்கிறோம், பெல்ட்டுக்கு 20 டாலருக்கு மேல் கொடுக்க மனசு வருவதில்லை. இதற்கென்றே ஒன்றரை அங்குல அகலத்தில், நடுவில் பிளாஸ்டிக் அல்லது இரும்புப் பட்டை வைத்துத் தைத்த விறைப்பான பெல்ட் விற்கிறார்கள். அதைப் போட்ட அன்றைக்கே எடை பாதியானது போல இருந்தது, அதாவது ஒரே இடத்தில் தொங்காமல் இடுப்பு முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்தது இடம். தொப்புளை 12 மணி என்று வைத்துக்கொண்டு இங்கே கடிகாரக் கணக்கில்தான் பேசுவார்கள். வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால், 4 மணியில், பேன்டுக்கு உட்புறமாக வைப்பது பழைய முறை. நிற்கும்போது சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வேலை கல்லாவுக்குப் பின்னால். சிகரெட் பெட்டிகள் தலைக்கு மேலே அலமாரியில் இருக்கும், கையை நீட்டி எடுத்தால் சட்டை மேலே ஏறும். கீழே குனிந்து லாட்டரிச் சீட்டு எடுத்தால் கைப்பிடி முதுகுப் பக்கம் கூடாரம் போட்ட மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். பின்னால் இருப்பதால் எனக்கே தெரியாது, வாடிக்கையாளருக்குத்தான் தெரியும். கார் ஓட்டும்போது சீட்டுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

முன்பக்கம், 1 மணிக்கு மாற்றினேன். இங்கே வைத்தால் என் கண் முன்னாலேயே இருக்கிறது, குனிந்தாலும் பின்னால் காட்டிக்கொடுக்காது, கூட்டத்தில் யாரும் உரசிக் கண்டுபிடிக்க முடியாது. என்னைப் போலத் தொந்தி உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது என்று பலர் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கைப்பிடி வயிற்றைக் குத்துகிறது, வயிறு கைப்பிடியை வெளியே தள்ளுகிறது. இதற்குத் தீர்வு ஹோல்ஸ்டரில், அதாவது துப்பாக்கி உறையில், இருக்கிறது. கைடெக்ஸ் எனும் கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த உறையில் பக்கவாட்டில் சின்ன இறக்கை மாதிரி ஒன்றை ஸ்க்ரூ போட்டு மாட்டலாம். பெல்ட் அதை அழுத்த, கைப்பிடி உடம்புப் பக்கமாகத் திரும்பிப் படிந்துவிடும். உறையின் அடிப்பகுதியில், உடம்பைத் தொடும் பக்கம், ஒரு ஸ்பாஞ்ச் துண்டை ஒட்டினால் அடிப்பாகம் வெளியே தள்ளப்பட்டு மேற்பாகம் வயிற்றோடு சாயும், குத்துவதும் குறையும். கடையில் விற்கும் ஸ்பாஞ்சுக்குப் பதிலாகப் பழைய யோகா மேட்டை வெட்டித்தான் ஒட்டியிருக்கிறேன், நன்றாகவே உழைக்கிறது. அப்புறம் உயரம். உறையை ஓர் அரை அங்குலம் மேலே ஏற்றி மாட்டினேன், உட்காரும்போது தொடை மடிப்பில் குழல் இடிப்பது நின்றது.

வெளியே காட்டிக்கொடுப்பது குழல் இல்லை, கைப்பிடிதான். இது புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. குழல் எப்படியும் பேன்டுக்குள் போய்விடுகிறது, எவ்வளவு நீளமானாலும் தெரியாது. பெல்ட்டுக்கு மேலே நிற்கும் கைப்பிடிதான் சட்டையைத் தூக்கிக் காட்டும். கிளாக் 19-இன் உயரம் 5 அங்குலம். 2018-இல் வந்த சிக் பி365 என்ற சின்னத் துப்பாக்கியின் உயரம் 4.3 அங்குலம்தான், தோட்டா இல்லாமல் அரைக் கிலோ எடை, இருந்தும் 10 தோட்டா பிடிக்கும். முக்கால் அங்குலம்கூட இல்லாத அந்தக் குறைவு காகிதத்தில் ஒன்றுமில்லை, சட்டைக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கிளாக் இப்போது வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது, இடுப்பில் இருப்பது சிக். சின்னத் துப்பாக்கி அதிகமாக உதறும், குறி வைப்பதும் கஷ்டம், அதனால் மாதாமாதம் சுடப் போயே ஆக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உடைக்கு வருவோம். ஹூஸ்டன் வெயிலில் கோட்டு போட்டுத் திரிந்தால் அதுவே சந்தேகம். அரைக்கைச் சட்டை, கட்டம் போட்டது, அடர்ந்த நிறம், உள்ளே செருகாமல் விட்டது, இவ்வளவுதான் என் சீருடை. கட்டங்கள் மேடு பள்ளத்தை விழுங்கிவிடும். மெல்லிய வெள்ளைச் சட்டை போட்டால் உறையின் நிறம்கூடத் தெரியும். சட்டைக்குள் கைவைத்த பனியன், திருப்பூர்ப் பனியனேதான், ஊருக்குப் போகும்போது டஜன் கணக்கில் வாங்கி வருவது. பேன்டுக்குள் அதைச் செருகி, அதற்கு மேல் உறை. இல்லாவிட்டால் வியர்வையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து இடுப்பில் தோல் உரிந்துவிடும். வியர்வை துப்பாக்கிக்கும் ஆகாது. வாரம் ஒருமுறை துடைத்து, மெல்லிசாக எண்ணெய் போடாவிட்டால் சின்ன ஸ்க்ரூக்களில் துரு பிடிக்கும்.

சட்டைப் பழக்கத்தை விடக் கைப்பழக்கம் முக்கியம். புதிதில் கை தானாகவே இடுப்புக்குப் போய்த் தொட்டுப் பார்க்கும். கடைக்கு வரும் ரோந்துப் போலீஸ்காரர் ஒருவர், எனக்கு நல்ல பழக்கம், சிரித்துக்கொண்டே, உங்களிடம் இருப்பதைத் துப்பாக்கி சொல்லவில்லை, உங்கள் கைதான் சொல்கிறது என்றார். வீட்டில் காலி செய்துவிட்டு மாட்டிக்கொண்டு, காய்கறி நறுக்கி, பாத்திரம் தேய்த்து, சோபாவில் விழுந்து எழுந்து பழகிய பிறகுதான் அந்தக் கை அடங்கியது.

பேன்ட் பாக்கெட்டில் வைப்பதையும் முயன்றேன். இரவில் குப்பை போடப் போகும்போது சௌகரியம், ஆனால் அதற்கென்று பாக்கெட் உறை வேண்டும், அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் இருக்கக் கூடாது, காரில் உட்கார்ந்துவிட்டால் எடுக்கவே முடியாது. கணுக்காலில் கட்டுவது சினிமாவுக்குச் சரி. எந்த முறையானாலும் ஒன்றில் மட்டும் சமரசம் கூடாது: ட்ரிகர் முழுவதும் கெட்டியான பொருளால் மூடியிருக்க வேண்டும். தொளதொளத்த துணி உறை வேண்டவே வேண்டாம். துப்பாக்கியை உறைக்குள் போடும்போது அவசரம் கூடாது, சட்டை நுனியோ ஜாக்கெட்டின் இழுகயிறோ உள்ளே மாட்டிக்கொண்டு வெடித்த சம்பவங்கள் நிஜமாகவே நடந்திருக்கின்றன. நான் உறையைப் பேன்டுக்கு வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் போட்டு, அப்புறம் இரண்டையும் சேர்த்து இடுப்பில் செருகுகிறேன். ராத்திரி கழற்றுவதும் அப்படியே. பொதுக் கழிப்பறையில் டிஷ்யூ பெட்டி மேல் வைத்துவிட்டு மறந்து போகிறவர்கள் உண்டு. உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம், பேன்டை இறக்கியதும் பெல்ட்டை முழங்காலோடு மாட்டிவிட்டால் எதுவும் கவிழாது.

என் மனைவியும் லைசென்ஸ் வாங்கினாள். இங்கே நான் எழுதிய எதுவும் அவளுக்கு உதவவில்லை. "உங்களுக்கென்ன, பெல்ட்டைப் போட்டால் முடிஞ்சுது, எனக்கு நாடாதானே இருக்கு" என்றாள். குர்தா இருக்கிறதே, முழங்கால்வரை தொங்கும், அதற்குள் பீரங்கியையே மறைக்கலாம். ஆனால் சுடிதார் நாடா அரைக் கிலோவைத் தாங்காது. கைப்பையில் வைக்கலாம் என்றேன், அதற்கென்றே தனி அறையும் பூட்டும் உள்ள பைகள் விற்கின்றன. மறுத்துவிட்டாள், அவள் சொன்னது சரிதான். அவள் பையைத் திறந்து சூயிங் கம் தேடுவதுதான் எங்கள் சின்னவளின் முழுநேர வேலை. 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை விட்டால் டெக்சாசில் அதற்கே வழக்கு உண்டு. பை திருடு போனால் துப்பாக்கியும் போச்சு. கடைசியில் அவளுக்குச் சரிப்பட்டது வயிற்றைச் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் பட்டைதான், துணிப் பட்டையில் கைடெக்ஸ் உறை பொருத்தியது. பிரசவத்துக்குப் பிறகு கட்டிய பெல்ட் மாதிரியே இருக்கிறது என்கிறாள். லெக்கிங்ஸ் மேலே அதைக் கட்டி, அதற்கு மேல் குர்தா. ஆனால் குர்தாவைத் தூக்கி எடுக்க நேரமாகும், அவள் அதைக் காலித் துப்பாக்கியோடு கண்ணாடி முன் தனியாகப் பழகினாள். புடவை என்றால் உடம்பில் எதுவும் இல்லை, துப்பாக்கி காரில் இருக்கும் பூட்டுப் பெட்டிக்குள்தான்.

எங்கே கொண்டு போகக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் 30.06 என்ற எண்ணோடு, ஒரு அங்குல உயர எழுத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பலகை இருந்தால் மறைத்து வைத்துக்கூட உள்ளே போகக் கூடாது. வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வரும் பார்களில் சிவப்பில் பெரிதாக 51 என்று போட்டிருப்பார்கள், அங்கும் கூடாது. தபால் நிலையம் மத்திய அரசு இடம், ஸ்டாம்பு வாங்கப் போனாலும் கூடாது.

கோயில்களில், நிர்வாகம் வேண்டாம் என்று அறிவித்திருந்தால் ஒழியச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வேட்டியில் எங்கே வைப்பது, பிரகாரத்தில் விழுந்து கும்பிட்டால் என்ன ஆவது? எனக்கு அந்த யோசனையே பிடிக்கவில்லை. காரின் சீட்டுக்கு அடியில் கனத்த கம்பிக் கயிற்றால் சீட்டின் சட்டகத்தோடு பிணைத்த இரும்புப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். உறையோடு சேர்த்துக் கழற்றி அதில் பூட்டிவிட்டுத்தான் போவது. இந்த வேலையைக் கோயில் பார்க்கிங்கில் செய்யாமல் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடித்துவிட வேண்டும். ஜன்னல் வழியாக யாராவது பார்த்துப் போலீசுக்குப் போன் போட்டுவிட்டால், நாலு பேர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டி வரும், பொங்கலும் அதுவுமாய் அது தேவையா?