அம்மா போட்ட கோலமாவுக் கோடு

2020 பங்குனி உத்திரத்துக்குச் சென்னையிலிருந்து ஊருக்குப் போக நெல்லை எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டோம். எங்கே வேலை பார்த்தாலும் அன்றைக்கு ஊரில் இருந்தாக வேண்டும். மார்ச் 24 மாலை 6 மணிக்கு, கொரோனாவுக்காகத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாளிலிருந்து நாடே அடைந்தது. டிக்கெட் பணம் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தபோதுதான், உண்மையிலேயே போகப்போவதில்லை என்று உறைத்தது.

அம்மா திருநெல்வேலிப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருந்தாள். அப்போது வயது 71, சர்க்கரை உண்டு. ஏப்ரலில் ரேஷன் கடையில் கொடுத்த 1000 ரூபாய் நிவாரணத்தை வாங்க வட்டத்துக்குள் நின்றதை வீடியோ காலில் அவ்வளவு விவரமாகச் சொன்னாள். அந்த மாதத்தில் அவள் மனுஷ முகம் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

மாவட்டம் விட்டு மாவட்டம் போக அப்போது இ-பாஸ் வேண்டும். மே மாதம் அதற்கு மனு போட்டேன். திருமணம், மருத்துவ அவசரம், இறப்பு என்று காரணங்கள் இருந்தன. வேறு ஊரில் மாட்டிக்கொண்டவர்கள் வீடு திரும்பவும் வழி வைத்திருந்தார்கள். நான் எதிலும் சேரவில்லை. அம்மாவின் சர்க்கரை மாத்திரைச் சீட்டை இணைத்து மருத்துவக் காரணம் என்று போட்டேன். நிராகரிப்பு. ஜூனில் மறுபடியும் போட்டேன், அதுவும் நிராகரிப்பு. ஜூன் 19 முதல் சென்னையில் ஊரடங்கு இன்னும் இறுகியது. ஜூலையில் மூன்றாவது முறை. 2000 ரூபாய் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் போன் செய்தார். பொய்க் காரணம் சொல்லி வாங்கிய பாஸோடு அம்மா முன்னால் போய் நிற்க மனம் வரவில்லை.

என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கம். அவருடைய அப்பா ஜூனில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பார்க்கப் போக இரண்டு முறை மனு போட்டும் கிடைக்கவில்லை. அப்பா இறந்துபோன அன்று, மத்தியானத்துக்குள் பாஸ் வந்துவிட்டது. உயிரோடு இருந்தவரைப் பார்க்க வழியில்லை, எரிக்கப் போக வழி இருந்தது. நோய் பரவக் கூடாது என்பதற்காகச் செய்தார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில் பேச்சு நின்றுபோன அந்த நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 17 முதல், ஆதார் அல்லது ரேஷன் அட்டை எண்ணும் போன் நம்பரும் கொடுத்தால் உடனே பாஸ் என்றார்கள். அன்றைக்கே கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு, சனிக்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. அதனால் 20-ஆம் தேதி வியாழக்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். நண்பரின் கார். நான், மனைவி, ஏழு வயது மகள்.

இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி இலையில் கட்டிக்கொண்டோம். மத்தியானத்துக்குப் புளியோதரை. வெளியில் எங்கும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்று முடிவு. சாப்பாட்டுக்கு வழி செய்தாயிற்று, மற்றதற்கு? விக்கிரவாண்டி தாண்டியதும் மகள் பாத்ரூம் என்றாள். பெட்ரோல் பங்கில் பூட்டு. அடுத்ததிலும் பூட்டு. கடைசியில் ஒரு புளிய மரத்துக்குப் பின்னால் மனைவி சேலை முந்தானையை மறைப்பாகப் பிடித்து நின்றாள். அவள் அதற்கப்புறம் திருச்சி வரை தண்ணீரே குடிக்கவில்லை. பேருந்தும் ரயிலும் சரியாக ஓடாத அந்த ஐந்து மாதங்களில் சாலையில் போன பெண்கள் எல்லோரும் இப்படித்தான் போயிருப்பார்கள்.

வழியில் முதலில் பரனூர் சுங்கச்சாவடியில் நிறுத்தினார்கள். அப்புறம் மாவட்டம் மாறும் இடங்களில் பல முறை. நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவி, பாஸில் இருக்கும் பெயர், வண்டி எண். மதுரை தாண்டி ஒரு காவலர், "சென்னையிலிருந்தா?" என்று கேட்டுவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். அவர் மேல் கோபமில்லை, நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர். கங்கைகொண்டான் சோதனைச்சாவடியில் பெரிய நோட்டில் ஊர், தெரு, போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு, 14 நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். சேரன்மகாதேவி தாண்டி வயல் தெரிந்ததும் கண்ணாடியை இறக்கினேன். தண்ணீர் வாடை.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். மகள் "ஆச்சி" என்று ஓடப்போனாள்.

"அங்கனயே நில்லு தாயி!"

அம்மாவா இப்படிக் கத்துவாள் என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம்தான் பார்த்தேன். பட்டாசாலை என்று நாங்கள் சொல்லும் கூடத்தின் சிவப்புத் தரையில் குறுக்காக, கோலமாவில் ஒரு தடித்த கோடு. "ரேஷன் கடையில வட்டம் போட்டிருந்தாங்கள்லா, அதே மாதிரிதான். முன்கட்டு உங்களுக்கு. அடுக்களையும் புறவாசலும் எனக்கு. கோட்டுக்கு இந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது, என்னய்யா?" என்றாள். பயம் அவளுக்காக இல்லை. தெருவில் யாருக்காவது வந்தால், மெட்ராஸிலிருந்து வந்த தன் பிள்ளையைச் சொல்லிவிடுவார்களே என்றுதான். எதிர்வீட்டு மதினி ஜன்னலிலிருந்தே விசாரித்தாள்.

மறுநாள் கிராம சுகாதார செவிலியர் வந்து, கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டினார். மூக்கில் சளி எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நெகட்டிவ் என்று தெரிந்தது. அம்மா கோட்டை அழிக்கவில்லை. 14 நாள் என்றால் 14 நாள்தான்.

கோட்டின் மேல் சாப்பாட்டுச் சட்டியை வைத்துவிட்டு அவள் பின்னால் நகர்ந்த பிறகு நாங்கள் எடுப்போம். மகள் இந்தப் பக்கம் உட்கார்ந்து பாடம் வாசிப்பாள், அம்மா அந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். தினமும் காலையில் கோட்டை மறுபடி போடுவாள். மகளுக்கு அது பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை.

செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸே வேண்டாம் என்று டிவியில் சொன்னார்கள். அம்மாவைப் பார்த்தேன். "அது அவங்க கணக்கு" என்றாள்.

செப்டம்பர் 5, சனிக்கிழமை. விடிந்து எழுந்து வந்தால் பட்டாசாலையில் ஈரம் மட்டும் இருந்தது, கோடு இல்லை. அம்மா அடுக்களையிலிருந்து கிண்ணத்தோடு வந்தாள். நல்லெண்ணெய், இரண்டு மிளகு போட்டுக் காய்ச்சியது.

"சனிக்கிழமைல்லா. உக்காருய்யா" என்றாள்.

43 வயதில் திண்ணையில் அவள் காலடியில் உட்கார்ந்தேன். உச்சியில் ஒரு கை எண்ணெயை வைத்து அழுத்தினாள். வெதுவெதுப்பாகக் காது வழியே இறங்கியது. கொஞ்ச நேரம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.