தண்ணீர்விட்டான் கிழங்கு நெய்: இறக்கும் பதம்

சதாவரி கிருதம் என்று கடையில் விற்பது நம்ம தண்ணீர்விட்டான் கிழங்கு நெய்தான். மாதவிலக்குத் தொல்லை, வெள்ளைப்படுதல், பால் சுரப்புக் குறைவு ஆகியவற்றுக்கு வைத்தியர்கள் கொடுப்பது.

அரை கிலோ பசுநெய்க்குப் பச்சைக் கிழங்குச் சாறு 1 லிட்டர், பசும்பால் 1 லிட்டர், காய்ந்த கிழங்குப் பொடி 60 கிராம். சார்ங்கதர சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலின் கணக்குப்படி திரவம் நெய்யைப் போல் 4 மடங்கு. சாறும் பாலுமாக இருந்தால் கற்கம், அதாவது அரைத்த விழுது, நெய்யில் 8-ல் 1 பங்கு. எதற்கும் கால் பங்கு விழுது போடுகிறவர்கள் உண்டு. பாலோடு சேர்ந்தால் அது அடிப்பிடிக்கும், நெய்யையும் குடித்துவிடும்.

கிழங்கைத் தோல் சீவி, நடுவில் ஓடும் நாரை உருவிவிட்டு அரைத்துப் பிழியுங்கள். பொடியைத் தண்ணீரில் குழைத்து விழுதாக்கி, இளஞ்சூட்டில் உருகிய நெய்யில் கலந்து, சாற்றை ஊற்றுங்கள். பாத்திரம் அடி கனமாக, வாய் அகன்று, பாதிக்கு மேல் நிறையாமல் இருக்கட்டும், பால் பொங்கும். ஒரே நாளில் முடிக்கக் கூடாது என்பது பழைய விதி. நம்ம ஊர் வெயிலில் பால் ஊற்றி இரவு விட்டால் புளித்துப்போகும். ஆகவே முதல் நாள் சாறு, மறுநாள் காலை பால் என்று பிரித்துக்கொள்வதே நல்லது. சிறுதீ, அடி தொட்டுக் கிளறல்.

ஈரம் வற்றியதும் நுரை அடங்கும். (எண்ணெயில் நேர்மாறு, கடைசியில்தான் நுரை எழும்.) அப்போது கரண்டி நுனியில் கொஞ்சம் விழுதை எடுத்து, சூடு தணிந்ததும் விரலிடையில் உருட்டுங்கள். பிசுபிசுத்து ஒட்டினால் இன்னும் வேகணும். ஒட்டாமல் திரி போல் உருண்டால் மத்திம பாகம், அதாவது நடுப் பதம். குடிக்கும் நெய்க்கு இதுதான். மணலாக உதிர்ந்தால் கரபாகம், அதாவது முற்றிய பதம்; மேலே பூசத்தான் ஆகும். உருட்டிய திரியைத் தீயில் காட்டினால் படபடவென்று வெடிக்கக் கூடாது. வெடித்தால் தண்ணீர் நிற்கிறது, அந்த நெய் சீக்கிரம் காறிப்போகும். அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரச் சூட்டில் வேகும் என்பதால், திரி உருண்ட கணமே இறக்கி, வெதுவெதுப்பில் துணியில் வடிகட்டுங்கள். கசடை முறுக்கிப் பிழிந்தால் பால் துகள் இறங்கிக் கெடுக்கும். ஈரமில்லாத கண்ணாடிப் புட்டி போதும்.

அளவு வைத்தியர் சொல்வதே; பொதுவாக ஒரு டீஸ்பூன், வெதுவெதுப்பான பாலில். மஞ்சள் காமாலை, கொலஸ்ட்ரால், செரிமானக் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டாம். கர்ப்பிணிகள், மார்பகக் கட்டிக்குச் சிகிச்சை எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாதவிலக்கு மாதக்கணக்கில் தவறினாலோ, ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டாலோ, முதலில் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.