புக்கிட் பிரவுன்ல ஒரு சனிக்கிழமை காலை

எங்க பக்கத்துல பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போற பழக்கமே கிடையாது. அப்பா போனப்பகூட நான் தெருமுனை வரைக்கும்தான். அதனால நான் உள்ள கால் வச்ச மொத இடுகாடு, சிங்கப்பூர்ல இருக்கற இந்த சீனக் கல்லறைதான், அதுவும் ஆபீஸ் தோழி இழுத்துட்டுப் போனதால.

தன்னார்வலர்கள்தான் சுத்திக் காட்றாங்க. கைடா வந்த ஆன்ட்டி முதல்லயே சொல்லிட்டாங்க, கல்லறை மேட்டுல ஏறாதீங்க, கொசு மருந்து தடவிக்கோங்கன்னு. நான் ரெண்டாவதை மட்டும் மறந்துட்டேன், இன்னும் சொறிஞ்சுட்டிருக்கேன்.

1922ல திறந்து 1973ல மூடின இடம், சுமார் ஒரு லட்சம் கல்லறை. ஆனா உள்ள போனா காடு மாதிரிதான் இருக்கு, பெரிய பெரிய மரம், செடிக்குள்ள பாதி முங்கின கல்லு. சிங்கப்பூரோட முதல் பிரதமர் லீ குவான் இயூவோட தாத்தா கல்லறைகூட இங்கதான் இருக்காம். எல்லாரும் பாக்க வர்றது ஓங் சாம் லியோங்னு ஒரு பணக்காரரோட கல்லறையை, கிறிஸ்துமஸ் தீவு சுரங்கத்துக்கு ஆள் அனுப்பி சம்பாதிச்சவர். கல்லறை மட்டும் 600 சதுர மீட்டர். எங்க நாலறை வீடு ஆறு உள்ள போயிடும், போயும் இடம் மிச்சம் இருக்கும்!

எனக்கு மனசுல நின்னது வேற. சில கல்லறைல ரெண்டு பக்கமும் டர்பன் கட்டின சீக்கிய காவலாளி சிலை நிக்குது. அந்தக் காலத்துல பணக்கார சீனர் வீட்டு வாசல்ல சீக்கிய ஜாகா, அதாவது வாட்ச்மேன்தான் காவலாம், அதனால செத்த பிறகும் அதே ஆளுங்களையே காவலுக்கு வச்சுட்டாங்க. ஒண்ணுல பெயிண்ட்கூட அடிச்சிருந்தாங்க, தாடி கருகருன்னு. ஊரை விட்டு கடல் தாண்டி வந்து இன்னொருத்தர் வாசல்ல நின்ன மனுஷன், கல்லா ஆனப்புறமும் டியூட்டி முடியல பாருங்க. அங்கயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன், குரூப் முன்னாடி போயிடுச்சு.

ஒரு கல்லுல வருஷம் 2602ன்னு இருந்துச்சு. என்னடா இது இன்னும் வராத வருஷத்துல செத்திருக்காங்கன்னு பாத்தா, ஜப்பான்காரன் ஆண்டப்ப அவங்க கணக்குல எழுதினதாம், அதாவது 1942. சாவுக்குக்கூட ஆள்றவன் காலண்டர்தான்.

திரும்பி வரும்போது ஒரு பக்கம் வண்டி சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. லோர்னி நெடுஞ்சாலை. அந்த ரோட்டுக்காக சுமார் நாலாயிரம் கல்லறைய தோண்டி எடுத்துட்டாங்க. நிறைய பேர் வேணாம்னு எழுதினாங்க, பேசினாங்க, ரோடு வந்துருச்சு. இதுல யாரைக் குத்தம் சொல்றதுன்னு எனக்குத் தெரியல, ஏன்னா அந்த ரோட்டுல நானும்தான் போயிட்டு வரேன்.

கிளம்பும்போது அந்த ஆன்ட்டி ஒரு பாட்டில்ல பம்ளிமாஸ் இலை போட்ட தண்ணி கொண்டு வந்து எல்லார் கையிலயும் ஊத்தி முகத்தைத் தொடச்சுக்கச் சொன்னாங்க, கல்லறைக்குப் போனா சீனர்கள் அப்படித்தான் செய்வாங்களாம்.

ராத்திரி அம்மாகிட்ட போன்ல பயந்து பயந்துதான் சொன்னேன். திட்டப் போறாங்கன்னு பாத்தா, "அட, அவங்களும் தண்ணி ஊத்திக்குவாங்களாடி?"ன்னு கேட்டுட்டு, "சரி, நீ தலைக்குக் குளிச்சியா இல்லையா?"ன்னாங்க. அப்புறம் அந்த சர்தார் சிலை போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னாங்க.