பி0420: கன்வர்ட்டர் மீது விழுந்த வீண்பழி

பதினோரு ஆண்டுப் பழைய என் பெட்ரோல் காரில் எஞ்சின் விளக்கு எரிந்தபோது, பழுதைப் படிக்கும் ஸ்கேனர் பி0420 என்ற குறியீட்டைக் காட்டியது. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். பட்டறையில் கன்வர்ட்டரையே மாற்றச் சொன்னார்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பதால், விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது.

கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார்கள் உண்டு. முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊசலாடினாலும், கன்வர்ட்டர் நலமாக இருந்தால் பின் சென்சார் ஏறத்தாழ 0.6, 0.7 வோல்ட்டில் பெரிதாக அசையாமல் நிற்கும்; கெட்டிருந்தால் அதுவும் முன்னதைப் போல ஊசலாடும். என் காரிலோ பின் சென்சாரின் அளவு முன்னதைப் பின்பற்றி ஊசலாடாமல், அவ்வப்போது சரிந்து விழுந்தது. ஆக்சிஜன் கூடினால் வோல்ட் குறையும் என்பதால், வெளிக்காற்று எங்கோ புகைக்குழாய்க்குள் புகுகிறது என்று சந்தேகித்தேன்.

மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் அடியிலிருந்து வந்த ‘டிக் டிக்’ ஓசை, உலோகம் சூடேறி விரிந்ததும் அடங்கியது. எஞ்சினை அணைத்து, நன்கு ஆறவிட்டு, சைலன்சர் வாய்க்குள் புளோயரால் காற்றைச் செலுத்தியபடி இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்தேன். பின் சென்சாருக்குச் சற்று முன்னுள்ள ஃபிளேஞ்சில், அதாவது குழாய்களை போல்ட்டால் இணைக்கும் விளிம்பில், நுரை பொங்கியது. அங்கே கசிவைத் தடுக்க வைத்திருக்கும் கேஸ்கெட்டின் ஓரத்தில் மெல்லிய கரிக்கோடு படிந்திருந்தது.

துருப்பிடித்த போல்ட்டுகளை இரவெல்லாம் எண்ணெயில் ஊறவிட்டும் ஒன்று முறிந்தே போயிற்று. புதிய கேஸ்கெட்டும் போல்ட்டுகளும் போட்டுக் குறியீட்டை அழித்த பிறகு, விளக்கு இன்றுவரை எரியவில்லை.