உஸ்பெகிஸ்தான் கால்பந்து அணியின் ஆட்டப் பதிவேடு: எக்செல் தொகுப்பு எதுவரை வந்திருக்கிறது

1992 ஜூன் 17, துஷான்பே, தஜிகிஸ்தானுடன் 2-2. இதுதான் முதல் வரி. சோவியத் காலத்தில் உஸ்பெக் குடியரசின் பெயரில் ஆடியவற்றைச் சேர்க்கவில்லை; அவை தனிநாட்டு ஆட்டங்கள் அல்ல. 1979 விமான விபத்தில் தாஷ்கென்ட்டின் பக்தகோர் கிளப்பைச் சேர்ந்த 17 பேர் மாண்டது அந்நாட்டுக் கால்பந்தின் ஆறாத காயம். ஆனாலும் அது கிளப் வரலாறு என்பதால் முன்குறிப்பு ஷீட்டில் இருக்கிறது.

கோல்களை ஒரே கட்டத்தில் "2-2" என்று அடிக்கக் கூடாது. எக்செல் அதைப் பிப்ரவரி 2 என்று தேதியாக்கிவிடும். 1998-ல் மங்கோலியாவை வீழ்த்திய 15-0 போன்றவை அப்படியே நிற்கும், ஏனென்றால் அப்படியொரு தேதி கிடையாது. பாதி தேதி, பாதி எழுத்து என்று கலந்தபின் கூட்டல் எதுவும் சரிவராது. அடித்தது, வாங்கியது என்று இரண்டு பத்திகள் போதும். பெனால்டி ஷூட் அவுட்டுக்கு வேறு இரண்டு.

ஆசிய விளையாட்டு ஆட்டங்களை 1998 வரை முதன்மை ஷீட்டில் ஏற்றலாம். 2002 முதல் அது 23 வயதுக்குட்பட்டோர் போட்டி, ஆகவே தனி ஷீட். 1994 ஹிரோஷிமா தங்கம் முதன்மையில்தான் வரும்: அரையிறுதியில் தென்கொரியா 1-0, இறுதியில் சீனா 4-2. ஃபிஃபாவில் சேர்ந்த ஆண்டிலேயே இதைச் சாதித்தார்கள்! அப்போதைய பயிற்சியாளர் ருஸ்தம் அக்ரமோவ் அடுத்து இந்திய அணிக்கு வந்தார். பாய்ச்சுங் பூட்டியாவை அணியில் இறக்கியவர் அவர்தான்.

அதிகக் கவனம் கேட்பது உலகக் கோப்பைத் தகுதிக்கான 2005 பஹ்ரைன் பிளே ஆஃப். செப்டம்பர் 3, தாஷ்கென்ட், உஸ்பெகிஸ்தான் 1-0 முன்னிலை. உஸ்பெக் வீரர் ஜெபரோவ் பெனால்டி அடித்தார், பந்து வலைக்குள் போனது. ஆனால் உதைக்கும் முன்பே சக வீரர் ஒருவர் பெட்டிக்குள் நுழைந்துவிட்டார். கோல் விழுந்திருந்தால் திரும்ப அடிக்கவிட வேண்டும், அதுதான் அன்றைய விதி. ஜப்பானிய நடுவரோ பஹ்ரைனுக்கு மறைமுக ஃப்ரீ கிக் கொடுத்தார். உஸ்பெகிஸ்தான் 3-0 வெற்றி கேட்டு முறையிட்டது. ஃபிஃபா ஆட்டத்தையே ரத்து செய்து மறுபடி ஆடச் சொன்னது: அக்டோபர் 8 தாஷ்கென்ட்டில் 1-1, அக்டோபர் 12 மனாமாவில் 0-0. மொத்தம் 1-1 என்று சமம்; வெளி மண்ணில் அடித்த கோலுக்கு முன்னுரிமை என்பதால் பஹ்ரைன் அடுத்த சுற்றுக்குப் போனது.

பதிவேட்டில் அந்த 1-0-ஐ அழிக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. கூட்டினால் மொத்தம் 2-1 ஆகி, உஸ்பெகிஸ்தான் முன்னேறியதாகக் காட்டும். "நிலை" என்று ஒரு பத்தி போட்டு அந்த வரிக்கு மட்டும் "ரத்து" என்றும் மற்றவற்றுக்கு "செல்லும்" என்றும் குறிக்க வேண்டும். நிபந்தனைக்கு உட்பட்டதை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் (SUMIFS) ஃபார்முலா "செல்லும்" என்றிருப்பதை மட்டும் எடுக்கட்டும். வீரர்களின் கோல் கணக்குக்கும் இதே நிபந்தனை.

2014 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குப் புள்ளிகள் பத்தி மட்டும் போதாது. கடைசி நாளில் கத்தாரை 5-1 என்று அடித்தும் தென்கொரியாவும் உஸ்பெகிஸ்தானும் தலா 14 புள்ளிகள். அடித்த, வாங்கிய கோல்களில் கொரியா 13-7, இவர்கள் 11-6. நேரடித் தகுதி "ஒரே கோலில் போச்சு" என்று பலரும் சொல்வது சரியல்ல. இன்னொரு கோல் அடித்திருந்தால் கோல் வித்தியாசம் சமமாகும், ஆனால் அடித்த கோல்களில் 13-க்கு 12 என்று கொரியாதான் முன்னால் நிற்கும். இரண்டு கோல் தேவைப்பட்டது. அதற்கு ஒரு வாரம் முன் சியோலில் 0-1 என்று தோற்றது சேம் சைடு கோலால். அதனால் சேம் சைடுக்கும் ஒரு பத்தி சேர்ந்தது. பிறகு பிளே ஆஃபில் ஜோர்டானுடன் இரண்டு ஆட்டமும் 1-1, ஷூட் அவுட்டில் 8-9. பதிவில் இவை இரண்டுமே டிராதான். ஷூட் அவுட் தோல்வியைத் தோல்விப் பத்தியில் ஏற்றக் கூடாது.

2025 ஜூன் 5, அபுதாபி, ஐக்கிய அரபு அமீரகத்துடன் 0-0. மத்திய ஆசியாவிலிருந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற முதல் அணி. இந்த வரிக்குத் தாராளமாகப் பச்சை நிறம் பூசலாம்.

அடுத்த வேலை வீரர் ஷீட். சிரிலிக்கில் ஒரு விதம், லத்தீனில் இன்னொரு விதம் என்று ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவதால், பெயரை வைத்து இணைக்காமல் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பிறந்த தேதியோடு ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டும்.