பழைய ஜப்பான் டிரம் செட்: பேட்ஜை விடுங்கள், ஷெல்லைப் பாருங்கள்

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்த பிறகு, அங்கே எல்லாப் பையன்களுக்கும் அதன் டிரம்மர் ரிங்கோ மாதிரி ஒரு செட் வேண்டியிருந்தது. அவர் வாசித்த அமெரிக்க லுட்விக் செட்டை வாங்கப் பல வீடுகளில் வசதியில்லை. அந்த இடத்துக்கு ஜப்பான் செட்டுகள் வந்தன. பேர்ல், ஹோஷினோவின் ஸ்டார் போன்ற தயாரிப்பாளர்கள் செட்டைச் செய்தார்கள். பெயர் மட்டும் இறக்குமதி செய்தவர் விருப்பம். அப்பல்லோ, மெஜஸ்டிக், ஸ்டூவர்ட், ஜிம்-கார், நோர்மா எனப் பல பேட்ஜுகள் (டிரம்மில் ஒட்டிய பெயர்த் தகடுகள்) இப்படி வந்தவை. சேகரிப்பவர்கள் இவற்றை ‘ஸ்டென்சில்’ செட் என்பார்கள்.

அதனால் பேட்ஜை வைத்து யார் செய்தது என்று முடிவு கட்ட முடியாது. ஒரே டிரம் இரண்டு மூன்று பெயர்களில் விற்றிருக்கிறது. பேட்ஜே இல்லாத செட்டும் நிறைய வரும், அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். அடையாளம் ஷெல்லிலும் (டிரம்மின் மர உடல்) லக்கிலும் (ஷெல்லில் பொருத்திய, இறுக்கும் கம்பி இறங்கும் உலோகத் துண்டு) இருக்கிறது.

ஒரு டாமின் (செட்டின் நடுத்தர டிரம்) அடி ஹெட்டை, அதாவது தோல் போன்ற படலத்தை, கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். அறுபதுகளின் ஸ்டென்சில் செட்டில் பெரும்பாலும் தெரிவது செம்பழுப்பு நிறத்தில், பெரிய துளைகளோடு, சொரசொரப்பான லுவான் மரம். பிலிப்பைன் மகோகனி என்று விற்கப்படுவதும் இதுதான். மூன்று அடுக்கு ஷெல் மெல்லிசாக இருக்கும், வளையாமல் தாங்க மேலும் கீழும் மர வளையம் ஒட்டியிருப்பார்கள். அந்தக் கால லுட்விக்கிலும் மூன்று அடுக்கும் வளையமும் உண்டு என்பதால் இதை மட்டும் பார்த்துக் குழம்பக் கூடாது. கையில் தூக்கினால் லுவான் இலேசாக இருக்கும், பேரிங் எட்ஜில் (ஹெட் உட்காரும் ஷெல் விளிம்பு) நகத்தை அழுத்தினால் தடம் விழும். மேப்பிளில் அப்படி விழாது.

லக்குகள் பெரும்பாலும் அமெரிக்க லக்குகளின் சாயலில் வார்த்தவை. கண்ணீர்த்துளி வடிவ லக் இருந்தால் முதலில் ஸ்டார் பக்கம் தேடுங்கள். எதுவானாலும் லக்கைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். இவை துத்தநாகக் கலவை வார்ப்பு. ஸ்க்ரூவை அதிகம் முறுக்கினால் ஓட்டை ஓரத்தில் முடி போல விரிசல் விழும். வெல்டிங்கோ சால்டரிங்கோ இதில் நிற்காது, வேறு லக்தான் வழி. வாங்குவதற்கு முன் ஓட்டையின் மையத்திலிருந்து அடுத்த ஓட்டையின் மையம் வரை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். அந்த இடைவெளி ஒத்துப்போகாத லக்கை மாட்ட ஷெல்லில் புது ஓட்டை போட்டால், செட்டின் மதிப்பு அங்கேயே இறங்கிவிடும்.

ஹெட்டை இறுக்கும் திருகுக் கம்பியான டென்ஷன் ராடிலும் கவனம் வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் 12-24 என்ற அளவு மரையுள்ள ராடு பழைய ஸ்டென்சில் லக்கில் பல சமயம் சேராது. விரலால் சுற்றி மூன்று நான்கு சுற்று தானாக இறங்கினால் சரி. இரண்டாவது சுற்றிலேயே இறுகினால் டிரம் சாவியை எடுக்கவே வேண்டாம், உள்ளிருக்கும் நட்டின் மரை அழிந்துவிடும். தொலைந்த ராடுக்கு மாற்றுத் தேடுவதைவிட, நட்டையும் ராடையும் மொத்தமாக மாற்றுவது பல நேரம் எளிது.

இந்தச் செட்டுகளில் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது ஹெட் சைஸ். 12 இன்ச் டாம் என்று புது 12 இன்ச் ஹெட் வாங்கிவந்தால் ஏறாது, ஏறினாலும் இறுகி உட்காரும். ஷெல் கொஞ்சம் பெரிதாக இருப்பதும், ராப் (ஷெல்மேல் ஒட்டிய வண்ண உறை) எட்ஜ் வரை போய்த் தடிமனைக் கூட்டுவதும்தான் காரணம். ஹெட்டைச் சும்மா வைத்து ஒரு விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றவேண்டும். இறுகின ஹெட் எத்தனை ட்யூன் செய்தாலும் மூச்சடைத்த மாதிரிதான் ஒலிக்கும், ஒரு பக்கம் சுருக்கமும் விழும். மேல் ஓரத்தில் ஹூப் (ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் வளையம்) மறைக்கும் அளவுக்கு மட்டும் ராப்பைக் கத்தியால் சீராக வெட்டி எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதுவும் போதவில்லை என்றால் பெரிய ஷெல்லுக்கென்றே வரும் அக்வேரியன் அமெரிக்கன் வின்டேஜ் ஹெட்டைப் பாருங்கள்.

அடுத்து வட்டம். டேப் வைத்து நான்கு திசையில் விட்டம் எடுங்கள். 2, 3 மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. 5 தாண்டினால் அந்த டிரம்மை உதிரிபாக விலைக்குக் கேளுங்கள். பிறகு ஷெல்லைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து, உள்ளே விளக்கை வைத்து, அறையை இருட்டாக்கிச் சுற்றிவந்தால் எட்ஜில் எங்கே பள்ளம் என்பது வெளிச்சக் கீற்றாகத் தெரியும். சின்னப் பள்ளத்துக்குச் சமதளமான கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாள் போதும். ரௌட்டர் (மரம் சீவும் மின்கருவி) போட்டே ஆகவேண்டும் என்றால் புது பிட், ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டருக்குள். அவசரப்பட்டால் லுவான் நாரோடு பிய்ந்து வரும். வெட்டுவதற்கு முன்பே சாண்டிங் சீலர் பூசிக் காயவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும். இந்தச் செட்டுகளின் உருண்ட எட்ஜைக் கூர்மையாக்கச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த உருட்டுதான் குட்டையான, சூடான ஒலியைத் தருகிறது. அதைச் சீவினால் இந்த டிரம்மை வாங்கியதற்கே அர்த்தம் போய்விடும்.

எழுபதுகளுக்கு வந்தால் கதையே வேறு. 1974-இல் ஹோஷினோ டாமா பெயரில் வந்தது. அதன் இம்பீரியல்ஸ்டார் மாடலின் ஷெல்லும் அதே பிலிப்பைன் மகோகனிதான், ஆனால் 9 அடுக்கு, வளையம் கிடையாது, கனம் தூக்கும்போதே தெரியும். ‘தி போலீஸ்’ ராக் குழுவின் டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லண்ட் வாசித்தது இதைத்தான். லுவான் என்றாலே மட்டம் என்பவர்கள் ஒருமுறை இதை அடித்துப் பார்க்கவேண்டும். டாமாவின் இன்னொரு மாடலான சூப்பர்ஸ்டார் பிர்ச் மரம், உள்ளே வெளிர் நிறம். அதே காலத்துப் பேர்லில் மரத்தின் உட்புறம் ஃபைபர்கிளாஸ் பூச்சு உள்ள ஷெல் வரும், விரல் வைத்தால் நார்நாராகத் தட்டுப்படும். யமஹா ஒய்டி-9000, பின்னால் ரெக்கார்டிங் கஸ்டம் ஆனது, முழுக்க பிர்ச். டாமைத் தாங்கும் அறுகோணக் கம்பியும் பந்தும் உள்ள பிடி இருந்தால், பந்தைச் சுற்றிலும் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

ஒரே செட்டா, பிற்பாடு சேர்த்ததா என்பதற்கு ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு லக்கை மட்டும் கழற்றினால் போதும். அதன் அடியில் வெயில் படாத ராப்பின் அசல் நிறம் தெரியும். எல்லா டிரம்மிலும் அந்த நிறமும், உட்புற மரமும் பூச்சும் ஒத்துப்போக வேண்டும். முத்து வெள்ளை ராப் மஞ்சளாவதும், சிவப்பு வெளுப்பதும் இயல்பு. இணைப்பில் ராப் சுருங்கி இடைவெளி விட்டிருந்தால் ஒட்டினாலும் மூடாது.

கடைசியாக பேஸ் டிரம். ஸ்டென்சில் செட் விலை பேசும்போது நான் முதலில் எண்ணுவது டி-ராடும் (டி வடிவப் பிடியுள்ள இறுக்கும் கம்பி) கிளாவும் (ஹூப்பைக் கவ்வும் கொக்கி). பக்கத்துக்கு 6 லக் என்றால் இரண்டிலும் தலா 12, 8 என்றால் தலா 16. மர ஹூப் இரண்டும் அசல் ராப் பட்டையோடு, முறுக்கிக்கொள்ளாமல் இருக்கவேண்டும். டாமில் என்ன குறை இருந்தாலும் சமாளிக்கலாம். ஹூப்பும் கிளாவும் இல்லாத 20 இன்ச் பேஸ் டிரம்முக்கு அதே வடிவில் பாகம் தேடிப் பிடிப்பதற்குள், முழுசான இன்னொரு செட்டே கிடைத்துவிடும்.